அக்கா ஹாலந்தில் பந்து விளையாடினாள்

என் அழுத்தக்கார அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் உன்னை நினைத்தால் துக்கம் மட்டும்தான் வரும். போன மாதத்திலிருந்து எரிச்சலும் சேர்ந்து வருகிறது. அதை யாரிடம் போய்க் காட்டுவது? கல்லறையில் நின்று கத்தினால் பங்கு ஜனம் என்ன நினைக்கும்? அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். நீ மூடி வைத்ததெல்லாம் போதும்.

உன் மூத்த மகள் வந்திருந்தாள்.

ஆமாம், மூத்த மகள். எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் உன்னோடு ஒரே எஸ்டேட் லயத்து வீட்டில், ஒரே பாயில் கிடந்தவளுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஹாலந்திலிருந்து ஒரு பெண்மணி தன்னைப் பெற்ற தாயைத் தேடுகிறாள், தாயின் பெயர் மரியசெல்வமாம், நம் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில் உன் அம்மா பெயர்தான் இருக்கிறது என்றார். அது வேறு மரியசெல்வமாக இருக்கும் சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சித்தியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். உன் தங்கச்சி சிரிக்கவில்லை. கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "உசுரோடதான் இருக்காளா?" என்று கேட்டாள்.

இன்னும் ஏழெட்டு மாதம் பொறுக்க முடியாதா உனக்கு? நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேனே. வாயுப் பிடிப்பு என்றாய். சுக்குத் தண்ணி போதும் என்றாய். காய் எடுப்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். ஏலக்காய் உனக்காகக் காத்திருந்திருக்கும், அம்மா. அவள் நாற்பத்தொரு வருஷம் காத்திருந்துவிட்டு வந்து நிற்கிறாள், நீ இல்லை. நான்தான் இருக்கிறேன். என்னை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

லீஸ்பெத் என்று பெயர். கொச்சியிலிருந்து டாக்ஸி பிடித்து வந்தாள். காரை விட்டு இறங்கும்போதே எனக்குப் பகீரென்றது. உன் நெற்றி, உன் தாடை, எதிரே இருப்பவரை முறைப்பது போல் பார்க்கும் அந்தப் பார்வை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். ரிசார்ட் வேலையில் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ் எனக்கு அன்றைக்கு உதவாமல் போயிற்று. வெல்கம் என்று சொன்னேன், கஸ்டமரிடம் சொல்வது போல. வெட்கக்கேடு.

அவள் ஹாலந்து டீமுக்குக் கால்பந்து விளையாடியவள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? உலகக் கோப்பை வந்தால் ரோடு முழுக்க ஃபிளெக்ஸ் கட்டுகிற ஊர் இது. பஞ்சாயத்து மெம்பர் பொன்னாடையோடு வந்தார். ஆரஞ்சு ஜெர்சி போட்டு நாலைந்து பேர் செல்ஃபிக்கு நின்றார்கள். எல்லாரும் அவளிடம் கேட்டது ஆம்பிளை டீமைப் பற்றித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். கூட்டம் போன பிறகு, "இதே கேள்விதான் எங்க ஊர்லயும் கேப்பாங்க" என்றாள்.

அவள் விளையாடிய கதையை நீதான் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். உனக்குப் பதிலாக நான் கேட்டேன். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அவளை வளர்த்தவர்கள் மாடு வைத்துப் பால் கறக்கிற குடும்பம். ஏழு வயதில் அந்த அப்பா ஊர் கிளப்பில் சேர்த்துவிட்டார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அங்கே டீம் கிடையாது. பையன்களோடுதான் ஆடியிருக்கிறாள். பதினேழு வயதில் பெரிய கிளப் கூப்பிட்டது. கூப்பிட்டார்களே தவிர, பெண்கள் அதை வைத்துப் பிழைக்க முடியாத காலம். விடிகாலையில் சைக்கிளில் தபால் போடுவாள், சாயங்காலம் பயிற்சிக்குப் போவாள். இடது காலால் ஆடுகிறவள். இடது ஓரத்தில் நின்று எதிராளியை மறிக்கிற இடம் அவளுடையது. கோல் போட்டுப் பெயர் வாங்குகிற இடமில்லை. தப்பு நடந்தால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற இடம்.

நாட்டு டீமுக்கு முதல் தடவை எடுத்தபோது கடைசிப் பத்து நிமிஷம்தான் இறக்கினார்களாம். அப்புறம் அவள் இல்லாமல் டீம் போடவில்லை. ஒரு பெரிய போட்டிக்குப் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, பயிற்சியில் வலது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. மற்றவர்கள் ஆடினார்கள், இவள் கக்கத்துக் கட்டையோடு கேலரியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பவும் இறங்கியிருக்கிறாள். ஆனால் ஆரஞ்சுச் சட்டை திரும்பக் கிடைக்கவில்லை. சின்ன கிளப்பில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டாள். இப்போது சின்னப் பெண்களுக்குக் கோச்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இடது காலை நீட்டிக் காட்டினாள். கணுக்காலைச் சுற்றி நீளமாகப் பழைய தையல் தழும்பு.

"இந்தப் பாதம் உள்ள திரும்பித்தான் நான் பொறந்தேன். தத்துக் காகிதத்துல எழுதியிருக்கு. குறை உள்ள பிள்ளை வேண்டாம்னு குடுத்துட்டாங்க. அந்தக் கோவத்துலதான் இத்தனை வருஷமும் பந்தை ஒதைச்சேன்."

நான் சித்தியைப் பார்த்தேன். சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தக் கால் தெரிந்திருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

நீ அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனாயாமே. மாவுக்கட்டுப் போட்டு அனுப்புவார்களாம், இங்கே அடிக்கிற மழையில் ஊறிக் கழன்று போகுமாம், பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளுமாம். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கப்புறம் வருஷக்கணக்கில் வந்து காட்ட வேண்டும் என்றார்களாம். ஒரு அநாதை இல்லத்து சிஸ்டர், ஹாலந்தில் ஒரு குடும்பம் பிள்ளையை எடுத்துக் காலையும் சரி பண்ணத் தயாராக இருக்கிறது என்று சொன்னாராம். நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதானாம். "நடப்பாளா சிஸ்டர்?" நடப்பாள் என்றதும் நீயும் அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்களாம். திரும்பி வந்த நீ மூன்று நாள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்துப் பக்கமே போகவில்லையாம்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நீ போய் முதலில் துணியை விலக்கிப் பாதத்தைத்தான் பார்ப்பாய். மற்றவர்கள் மூக்கையும் நிறத்தையும் பார்ப்பார்கள். இது என்ன பழக்கம் என்று எத்தனை தடவை உன்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். ஒரு தடவையாவது வாயைத் திறந்தாயா?

இதையெல்லாம் நான் இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வேண்டும், அம்மா. இந்தப் பக்கம் சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டு. அந்தப் பக்கம் அவள் கண் இமைக்காமல். ரூமில் வெந்நீர் வரவில்லை என்று சொல்வதும் இதுவும் ஒன்றா? "நடப்பாளா" என்ற வார்த்தையை முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு, அப்புறம்தான் இங்கிலீஷில் சொன்னேன்.

அவள் உன்னைக் கொண்டாடுவாள் என்று நினைத்தாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டிப் பிடித்து அழுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று. அவள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "நடந்தாப் போதும்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. நான் நொண்டிக்கிட்டே இங்க இருந்திருப்பேனே."

என்னிடம் திரும்பினாள். "ஒம் பிள்ளையா இருந்தா நீ குடுத்திருப்பியா?"

நான் என்ன சொல்வது? கொடுத்திருக்க மாட்டேன் என்றால் நீ குற்றவாளி. கொடுத்திருப்பேன் என்றால் நான். அது நீ பதில் சொல்ல வேண்டிய கேள்வி. என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் படுத்துக்கொண்டாய்.

மறுநாள் காலையில் எஸ்டேட் கிரவுண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுகிற சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டாள். முட்டிக்கு ஆகாது, ஓடாதே என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். சொன்னால் கேட்கிறாளா? உன் மகள்தானே. அரை மணி நேரம் அந்தப் பெண் பிள்ளைகளோடு ஓடினாள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று டச்சில் அதட்டினாள். அவர்களுக்கும் புரிந்தது, அது எப்படியோ. கடைசியில் இடது காலால் ஒன்று விட்டாள் பார், பந்து கிரவுண்டைத் தாண்டி ஏலச்செடிக்குள் போய் விழுந்தது. மேட்டில் நின்ற சித்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நீ பார்த்திருக்க வேண்டும். எதை நினைத்தாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது. நீ பார்த்திருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன்னால் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். மெழுகுதிரி ஏற்றினாள். அழவில்லை. வருஷ நினைவுக்குக் கல் வைக்கக் கம்பம் டவுனில் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் பெயர் போட வேண்டும், அவள் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் நீ கொடுத்த பெயர் பாத்திமாராணி. அதைச் சொன்னபோது இரண்டு மூன்று தடவை முணுமுணுத்துப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம்" என்றாள். "எனக்கு அவங்க மேல இருக்க கோவம் இன்னும் தீரலை. தீந்தா நானே சொல்றேன். எடம் மட்டும் விட்டு வை."

அப்படியே சொல்லிவிட்டேன், அம்மா. என் பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக விடச் சொன்னதும் கல் கொத்துகிறவர் போனிலேயே சண்டைக்கு வந்தார். பார்க்கிறவர்கள் மறந்துவிட்டான் என்று தன்னைத்தான் திட்டுவார்களாம். திட்டினால் என்னிடம் அனுப்புங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுகிறாள். உன்னைப் பற்றிக் கேட்கிறாள். என்ன சமைப்பாய், எதற்குச் சிரிப்பாய், பிடிவாதம் உண்டா என்று. உண்டா என்றா கேட்கிறாய் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் சொன்னேன். இனியும் எதையும் மறைக்க மாட்டேன். நல்லதும் சொல்வேன், நீ என்னைப் படுத்தியதும் சொல்வேன். அந்தக் காலி வரியில் நானாக ஒரு எழுத்துப் போட மாட்டேன், வேறு யாரையும் போட விடவும் மாட்டேன். அவள் என்றைக்காவது சொன்னால், கொத்துகிறவரைக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் நின்று போட வைப்பேன். சொல்லாமலே போனாலும் அந்த இடம் அவளுடையது. இது சத்தியம்.

இப்படிக்கு,
இத்தனை காலமும் மூத்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்த
உன் இளைய மகள்,
ஆரோக்கியமேரி
சக்குபள்ளம்