மாடி அறையில் இருப்பவருக்காக ஒரு வரி

அனுப்புநர்
நிஷிமோரி தமாகி,
மீன் ஏலக்கூடத்துக்குப் பின் தெரு, கிரிஹாமா.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
பேரிடர் தடுப்புப் பிரிவு,
கிரிஹாமா நகராட்சி அலுவலகம்.

பொருள்: மாலை ஒலிபெருக்கியை இயக்கும் நிரலில் ஒரு வரி சேர்த்து, என் அண்ணன் நீக்கப்படாமல் காக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பெயரை எழுதாமல் பதவியை மட்டும் எழுதியிருப்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கான காரணம் நான்காவது பத்தியில் வரும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருக்கிறேன். வதந்தியைக் கேட்டுவிட்டு மனு எழுதுகிற ஆள் நானில்லை என்பதைத் தங்கள் அலுவலகத்தில் பலர் சொல்வார்கள்.

1. நகரெங்கும் மாலை ஐந்து மணிக்கு இசை ஒலிக்கச் செய்வதும், சுனாமி எச்சரிக்கை சொல்வதும், காணாமல்போன முதியவர்களைப் பற்றி அறிவிப்பதுமான அந்த நிரலை எழுதியவர் என் அண்ணன் நிஷிமோரி குனிஹிகோ. எங்கள் வீட்டு மாடி அறையைவிட்டு அவர் வெளியே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவேன். பிறகு போய்க் காலித் தட்டை எடுத்து வருவேன். அவருக்கு வெளியுலகம் என்று இருப்பது 'சிறுநிரல் வட்டம்' என்ற இணையக் குழு ஒன்றுதான். நானும் அதில் உறுப்பினர். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது அங்கேதான். அதுவும் பெரும்பாலும் சண்டை.

2. மென்பொருள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்பது அந்தக் குழுவினரின் நம்பிக்கை. நிரல் எழுதும் திரையில் எழுத்துகளுக்கு நிறம் தேவையா என்று ஒரு குளிர்காலம் முழுக்க அடித்துக்கொண்டார்கள். நிறம் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று நான் எழுதியதற்கு, 'கல்லுப்பு' என்ற புனைபெயர்க்காரர், "அக்காவுக்கு ஒரு பொம்மைப் புத்தகம் வாங்கிக் குடுங்கப்பா" என்று எல்லோர் முன்னிலையிலும் கிண்டலடித்தார். நானும் சும்மா விடவில்லை. அது கிடக்கட்டும். இந்த மனுவுக்குத் தேவையானவை அந்தக் குழுவின் இரண்டு வழக்கங்கள். ஒரு வசதியை நீக்குவதற்கு முன், 'யாராவது இதைப் பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் நீக்கிவிடலாம். புதிதாக ஒரு வரி சேர்ப்பதானால், இருக்கிற இரண்டு வரிகளைக் கொடுத்துவிட வேண்டும். அண்ணன் இந்த இரண்டு வழக்கங்களையும் ஒலிபெருக்கி நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தார். நிரல் தானே கேட்டது, தானே நீக்கியது, தானே இளைத்தது. குழுவே அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. இலவசமாகவும் கைக்கு அடக்கமாகவும் இருந்ததால் நகராட்சியும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது.

3. சென்ற வசந்தத்தில், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, தெருக்கள், கட்டடங்கள், குடியிருப்போர் ஆகிய பதிவேடுகள் அனைத்தையும் நகராட்சி அந்த நிரலின் பொறுப்பில் விட்டது. அதற்குப் பின்புதான் மாலை இசை முடிந்ததும் அந்தக் கேள்வி வரத் தொடங்கியது. பதிவுசெய்த பெண் குரல் என்றே எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மழை நாட்களில் அதற்குச் சளி பிடித்தாற்போல் இருக்கிறது. முதலில் அது கேட்டது கீழ்த்துறைப் பேருந்து நிறுத்தத்தைப் பற்றி. அப்போது அங்கே யாரும் நின்றிருக்கவில்லை; யாரும் பதில் சொல்லவும் இல்லை. மறுவாரம் பேருந்து நிற்காமல் போனது. அதைக்கூடச் சிக்கனம் என்று விட்டிருப்பேன். ஆனால் கம்பம் நட்டிருந்த குழியும் இல்லை, தரையில் சிமெண்டுத் தழும்பும் இல்லை. அங்கே புல் முளைத்திருந்தது. நேற்று முளைத்த புல்லாகவும் அது தெரியவில்லை.

4. அடுத்து அது கேட்டது எங்கள் தெரு ஓரிதோ அம்மாளின் வீட்டைப் பற்றி. அவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். நான் சங்கத்து வேலையாக வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடம் வெறும் மனையாகக் கிடந்தது. மருத்துவமனையில் அந்தப் பெயரில் யாரும் சேர்ந்ததே இல்லை என்றார்கள். ஆண்டுதோறும் அவர் கொடுக்கும் பெர்சிமன் பழங்களை வாங்கித் தின்ற பக்கத்து வீட்டு ஐயாவிடம் ஓடினேன். "எந்த ஓரிதோம்மா? அந்த மனை நான் வந்த நாள்லேருந்து சும்மாதானே கிடக்கு" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஓரிதோ அம்மாள் தோல் சீவிக் கயிற்றில் கோத்துக் கொடுத்த பழங்கள் இன்னமும் என் வீட்டுக் கூரை இறவாணத்தில் காய்ந்துகொண்டிருக்கின்றன. சாட்சிக்கு அவை போதும் என்றால் கொண்டுவரத் தயார். இதை விசாரிப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்தவர், தங்கள் நாற்காலியில் தங்களுக்கு முன் அமர்ந்திருந்த ஹமாசாகி ஐயா. அவர் ஊட்டச்சத்து மாத்திரைகளை மேசைமேல் வரிசையாக அடுக்கிவைத்திருப்பார். அடுத்த முறை நான் வந்தபோது, அப்படியொருவர் இந்தப் பிரிவில் இருந்ததே இல்லை என்றார்கள். அதனால்தான் இம்மனுவில் தங்கள் பெயரை எழுதவில்லை. ஒரு பெயரை நானாக அந்த நிரலின் கண்ணில் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை.

5. இந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, நான் சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கி, "நிஷிமோரி வீடு, மாடி அறை. யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டது. கத்தியைப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் ஓர் இளம் ஊழியர். பாவம், நல்ல பெண். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. நான் பயன்படுத்துகிறேன் என்றேன். என்ன பயன்பாடு என்று கேட்டார். அண்ணன் என்றேன். அவர் படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அது உறவுங்கம்மா. பயன்பாடு இல்லையே" என்றார். நானும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். சம்பாதிக்கிறாரா, சமைக்கிறாரா, குழாய் பழுதானால் சரிசெய்கிறாரா, எதுவும் இல்லை. மாடியில் இருக்கிறார், அவ்வளவுதான். அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பதை எந்தப் பயன்பாட்டில் எழுதுவது? வெள்ளிக்கிழமை மாலை இசைவரை அவகாசம் தந்திருக்கிறார்கள். அப்படியென்றால் கேள்வியையே நிறுத்திவிடுங்கள் என்றேன். நிறுத்தும் வசதியை யாரும் பயன்படுத்தாததால் அது எப்போதோ நீக்கப்பட்டுவிட்டதாம்.

6. அன்றே குழுவில் முறையிட்டேன். 'யாரும் பதில் சொல்லாவிட்டாலும் இருக்கட்டும்' என்று பொருள்படும் ஒரே ஒரு வரியை நிரலில் சேர்த்தால் போதும், ஊரும் பிழைக்கும், அண்ணனும் பிழைப்பார் என்று எழுதினேன். கல்லுப்பு இந்த முறை கிண்டலடிக்கவில்லை. "சேர்க்கலாம் அக்கா, ஆனா எந்த ரெண்டு வரியைக் குடுப்பீங்க? அதுல எடுக்க என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நிரலைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். எந்த வரியை உருவினாலும் சுனாமி எச்சரிக்கை நின்றுபோகும். அந்த அளவுக்குச் சுத்தமாகச் செதுக்கிவைத்திருக்கிறார் என் அண்ணன். கடைசியில் அவரே எழுதினார். "சேர்க்காதே தமாகி. சின்னதா இருக்கிறதுதான் அதோட அழகு. எனக்காக அதைக் கெடுக்காதே." எனக்குத் தலைக்கேறிய கோபத்தில், மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. அன்றிரவு வெளியே வந்த தட்டு கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒருநாளும் தட்டைக் கழுவிவைக்காதவர் அவர். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. நேற்றுச் சாப்பாடு எடுத்துப்போனபோது, மாடிப்படி எனக்குப் பழகிய உயரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கால் தடுமாறித் தேநீர் கொட்டியது. கதவும் முன்பைவிட ஒடுங்கியிருந்தது. உள்ளே விசைப்பலகைச் சத்தம் கேட்டது. இருக்கிறார் என்று திரும்பி வந்தேன்.

7. எனவே தாங்கள் தயைகூர்ந்து செய்ய வேண்டியது இதுதான். இன்று மாலை இசை ஒலிப்பதற்கு முன், மேலே ஆறாம் பத்தியில் கண்ட ஒரு வரியை நிரலில் சேர்க்க உத்தரவிட வேண்டும். அதற்கான சாவி தங்கள் பிரிவில் மட்டுமே இருக்கிறது. ஈடாகக் கொடுக்கும் இரண்டு வரிகளும் நிரலிலிருந்துதான் வர வேண்டும் என்று விதியில் இல்லை. பதிவேடுகளும் இப்போது அதனுடையவைதானே. ஆகவே குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து, இம்மனுவின் தலைப்பில் 'அனுப்புநர்' என்பதன் கீழே உள்ள இரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. அண்ணனுக்குத் தெரியாது, தெரிவிக்கவும் வேண்டாம். அந்த வரிகளைப் பற்றி ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் மாடியிலிருந்து பதில் சொல்லிவிடக்கூடும்.

பின்னர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தாங்களும் அப்படியே நம்புவீர்கள். அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆயினும் கதவோரம் தட்டு வைக்க ஓர் ஆளைத் தங்கள் நலப்பிரிவு அனுப்ப வேண்டும். மிசோ சூப்பில் வெங்காயத்தாள் போடக் கூடாது, அவருக்கு ஆகாது. தட்டை வைத்தவுடன் இறங்கிவிடாமல், நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்வரை படியில் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.

இடம்: கிரிஹாமா
நாள்: ரெய்வா 7 (2025), நவம்பர் 21, வெள்ளி காலை

இப்படிக்கு,
குனிஹிகோவின் தங்கை