பதினொரு மணிப் பூசையும் உன் கிரைண்டரும்

என் அந்தோனி மச்சானுக்கு,

நீ அங்கே சுகமாய்த்தான் இருப்பாய். கழுவ ஒரு சட்டி பானை கிடையாது, ஏற ஒரு மொட்டைமாடி கிடையாது. இங்கே நான்தான் நீ முடிச்சுப் போட்டுவிட்டுப் போன ஒரு சங்கதியை அவிழ்த்துக்கொண்டு கிடக்கிறேன். உன்னை நல்லாய் ஏசவேண்டும் என்றுதான் பேனையை எடுத்தேன். ஏச்சு வருகுதில்லை.

முதலில் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். உன் உடலை வைத்து அனுப்பிய பெட்டி மன்னாருக்குப் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. உன் மனுசி ஜெசிந்தா தொலைபேசியில் அழுதுகொண்டே, "அண்ணை, அவர் கடைசியா என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டாள். முதல்நாள் நீ வைத்த மீன்குழம்பு என்றேன். அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறினாள். நீ வேலை செய்த மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் உன் இடத்துக்கு ஒரு பெடியன் வந்திருக்கிறான். வேலை நல்லாய்ச் செய்கிறானாம். ஆனால் வாயே திறக்கிறான் இல்லையாம், எல்லாரும் உன்னைத் தேடுகிறார்களாம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக்கு நேர் கீழே தனியாய் இருக்கும் இத்தாலியக் கிழவி சிஞ்ஞோரா ரோசாவைப் பற்றித்தான்.

இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் படி இறங்கியதே இல்லை. நம் கபோத் தெருக் கோவில் மணி அவர் கட்டிலுக்குக் கேட்கும், கோவிலுக்குத்தான் போகமுடியாது. அதனால் ஞாயிறு பதினொரு மணிக்கு முதலாம் சேனலில் வரும் பூசைதான் அவருக்குக் கோவில். சால்வை போர்த்தி, நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ரிவிக்கு முன்னால் இருப்பார். வீட்டுக்குள் எதற்குச் சப்பாத்து என்று நான் சிரித்தபோது, "கோயிலுக்கு நீ வெறுங்காலோடயா போறனி?" என்று என் வாயை அடைத்தாய். ஊரில் வெறுங்காலோடுதானே போனோம் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை.

டிஜிட்டல் வந்த நாளிலிருந்து மற்றச் சேனலெல்லாம் பளிங்கு மாதிரி. இந்த ஒன்றுதான் சரியாய்ப் பூசை நேரத்தில் கட்டம் கட்டமாய் உடையும். சுவாமியார் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார். உடனே தண்ணீர்க் குழாயில் சிஞ்ஞோராவின் ஊன்றுகோல் மூன்று தரம் தட்டும். நீ குசினியில் செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, மொட்டைமாடிக்கு ஓடி, அன்ரெனாவை ஒரு சாண் திருப்பிவிட்டுக் கீழே இறங்குவாய். நீ போகும்போது படம் நல்லாய் ஓடிக்கொண்டிருக்கும். "பிராவோ அந்தோ" என்பார் கிழவி. பூசை முடியுமட்டும் பக்கத்தில் இருந்து, கோப்பியும் குடித்துவிட்டு, ஒரு பிஸ்கட் பொதியோடு மேலே வருவாய்.

மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. அன்ரெனாக்காரன் என்று தெரு முழுக்க உனக்குப் பெயர். பக்கத்துக் கட்டடத்தார் கூப்பிட்டபோது மட்டும் உன் வித்தை பலிக்கவில்லை. கேட்டால், "அங்கை வயர் சரியில்லை மச்சான்" என்றாய். நானும் நம்பினேன்.

நீ போன பிறகு ஒரு ஞாயிறும் குழாயில் தட்டுக் கேட்கவில்லை. கடைசியாய்த் திருப்பும்போது சரியான திசையில் வைத்துவிட்டான் என்று எனக்குப் பெருமை. உனக்காகச் செபமாலை சொல்ல வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். நானோ சமைக்கவே இல்லை. பாணும் பொரித்த கடலைமாத் துண்டும் கடையில் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தேன். உன் கிரைண்டர் மூலையில் துணி மூடிக் கிடந்தது.

உன் முப்பத்தொன்றாம் நாள் நினைவு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சமைக்க உதவிக்கு அடுத்த தெருச் செல்வி அக்கா வந்தார். வடைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பை உன் கிரைண்டரில் போட்டு முடுக்கினார். சொன்னால் நம்பமாட்டாய், குழாயில் மூன்று தட்டு கேட்டது. உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

கீழே போனேன். சிஞ்ஞோரா சால்வையும் சப்பாத்துமாய் இருந்தார். படம் நல்லாய்த்தான் ஓடியது. திரும்பிப் போக எழும்பும்போது மேலே கிரைண்டர் இரைந்தது, சுவாமியார் துண்டு துண்டாய்ப் போனார். இரைச்சல் நின்றது, சுவாமியார் முழுசாய் வந்தார். மறுபடி இரைந்தது, மறுபடி உடைந்தார். சுவாமியாரின் முகம் செல்வி அக்காவின் கையில் இருந்தது, மச்சான்! நான் யன்னலால் தலையை நீட்டி, அக்கா நிப்பாட்டுங்கோ என்று கத்தினேன்.

அடுத்த கிழமை அன்ரெனா வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தேன். இந்த ஊரில் அந்தச் சேனல் தாழ்ந்த அலைவரிசையில் வருகிறதாம். மோட்டாரில் பறக்கும் நெருப்புப்பொறி அந்த அலைவரிசையைத்தான் முதலில் குழப்புமாம். சிஞ்ஞோராவின் ரிவி வயரோ எங்கள் குசினிச் சுவரோடு ஒட்டித்தான் இறங்குகிறது. கிரைண்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார். அடியில் நீலமாய்ப் பொறி பறந்ததைப் பார்த்துவிட்டு, இதை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். ஜெசிந்தா சீலைக்குள் சுற்றிக் கொடுத்து நீ பெட்டியில் கொண்டுவந்த கதையை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆக, நீ ஞாயிறு காலையில் சம்பலுக்கு அரைத்தாய், படம் உடைந்தது. கிழவி தட்டினார், அரைப்பதை நிறுத்திவிட்டு மேலே ஓடினாய், படம் சரியானது. அடேய், கெடுத்தவனும் நீ, திருத்தினவன் என்று பெயர் எடுத்தவனும் நீ!

ஆனால் ஒன்று உறுத்துகிறது. சனிக்கிழமையே அரைத்து வையடா என்று எத்தனை தரம் சொன்னேன்? "அண்டண்டைக்கு அரைச்சாத்தான் ருசி" என்று மறுத்தாய். அந்த நீலப் பொறி உன் கண்ணில் படாமலா இருந்தது? தெரிந்துதான் செய்தாயா, மச்சான்?

மனம் கேட்காமல் சிஞ்ஞோராவிடம் போய் உண்மையைச் சொன்னேன். மூன்று வருடமாய் உங்கள் பூசையைக் கெடுத்தது எங்கள் கிரைண்டர்தான், அந்தோனிக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கோபிக்கவில்லை. மெல்லச் சொன்னார். இத்தாலியனில் சொன்னதுதான், எனக்கு நம் பாசையில் கேட்டது.

"படம் நல்லா இருந்த நாளெல்லாம் ஒருத்தரும் வரேல்லை."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அவர் தலைக்கு மேலேயே நான் நடந்துகொண்டிருந்தேன். லிபெர்த்தாத் தெருவில் வேறொரு வீட்டுக் கிழவருக்குச் சோறு தீத்திவிட்டு, முகம் துடைத்து, கதை கேட்டுவிட்டு வருகிறவன் நான். அது வேலை. இந்த மனுசியிடம் ஒருநாள் எட்டிப்பார்க்கத் தோன்றவில்லையே. நீ செத்த துக்கம் எனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன்.

இப்போது கிரைண்டர் சனிக்கிழமைதான் ஓடுகிறது. நீ சொன்னது சரி, ஞாயிறு சம்பலில் ருசி இல்லை. நேற்று ஞாயிறு. பதினொன்றுக்குக் கால் மணி இருக்கக் குழாயில் மூன்று தட்டு கேட்டது. கிரைண்டர் ஓடவில்லை. பூசை தொடங்கவே இல்லை, உடைவதற்குப் படமும் இல்லை. நான் கையைக் கழுவிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது கதிரை ஏற்கெனவே இழுத்துப் போட்டிருந்தது.

மொட்டைமாடி ஏற எனக்குப் பயம் என்பது உனக்குத் தெரியும். படி இறங்கப் பயமில்லை. அவர் தட்டினாலும் தட்டாவிட்டாலும் ஞாயிறு தவறாமல் இறங்குவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இரத்த உறவு ஒன்றுமில்லாமல், ஒரே குசினியால் உனக்கு மச்சானான
சூசை