வாஷிங் மெஷினுக்குத் தொண்டை கட்டியது

மார்ச் 4
சலவைக்கடைப் பின்னறையில் இன்று எங்கள் கூட்டம். வாயாலேயே இயந்திரச் சத்தம் எழுப்புகிற பிறவிகள் ஊருக்கே நாங்கள் நாலு பேர்தான். லிஃப்ட் மெக்கானிக், பாதியில் நின்றுபோகும் லிஃப்டைச் செய்தார். கேட்டதும் கதவைத் தட்டத் தோன்றியது. ஓய்வுபெற்ற டீச்சரம்மா, கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டர். சலவைக்கடைக்காரருக்கு இஸ்திரிப் பெட்டி ஆவி விடுவது ஒன்றுதான் வரும். அதற்கும் கைதட்டுவோம்.

நான் வாஷிங் மெஷின். கடைசிச் சுற்றில் தொண்டை கரகரத்து நின்றுவிட்டது.

"என்ன, மிஷின் ரிப்பேரா?" என்றார் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர். எங்களுக்கு அவர் வைத்த பெயர் கிறுக்குக் கூட்டம்.

மார்ச் 9
கரகரப்பு போகவில்லை. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலிருந்து "அடுத்தவங்க வாங்க" என்றால் காக்கை கூப்பிடுவது போல இருக்கிறது.

மார்ச் 12
தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் கட்டி. "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்மா. அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது."

யாரால்? அவராலா, என்னாலா?

மார்ச் 16
எடுத்துவிட்டார்கள். பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. வீடு வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர், "உனக்கு ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்றே வந்தார். வாயைத் திறந்தால் கேலி மட்டுமே வரும் மனுஷன்.

பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்ல முடியல, எழுதிட்டேன். பயமா இருக்கு.

மார்ச் 18
வெளியாட்களை அழைத்து நாங்கள் நடத்தும் முதல் நிகழ்ச்சி. வரவில்லை என்று கையசைத்தேன். அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். சலவைக்குப் போட்ட துணியை வாங்க வந்தவர்களையும் உட்காரவைத்ததில் அறை நிறைந்துவிட்டது.

என் முறை வந்தது. "அவங்களுக்குத் தொண்டை சரியில்ல..." என்று டீச்சரம்மா தொடங்குவதற்குள் வீட்டுக்காரர் எழுந்தார். நாலு பேர் முன்னால் தும்மக்கூட வெட்கப்படுகிறவர்!

"வீட்ல இவ பண்றதக் கேட்டிருக்கேன். நான் முயற்சி பண்றேன்."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சத்தமா அது? கிணற்றில் விழுந்த ஆடு. ஆனால் தண்ணீர் இறங்குவது, துணி புரள்வது, வேகம் பிடிப்பது எல்லாம் என் வரிசை. நான் மூச்சு வாங்கும் இடங்களில் அவரும் வாங்கினார், ஒன்று விடாமல்.

இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?

சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 23
வெறும் கட்டிதான். பயப்பட ஒன்றுமில்லை!

டாக்டரின் கையைப் பிடித்த வீட்டுக்காரர் விடவேயில்லை. "சார், வெளிய அடுத்தவங்க காத்திருக்காங்க" என்று டாக்டரே சொல்லும்படி ஆயிற்று. அப்பாடா. ஆஸ்பத்திரிப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டோம்.

ஏப்ரல் 2
இன்று முதல் பேசலாம். முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருக்கிறேன். சொல்ல ஆள் வேண்டுமே. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனவர் போனவர்தான். உள்ளே ஹேர் டிரையர் ஓடுகிறது.

எங்கள் வீட்டில் ஹேர் டிரையர் கிடையாது.