கிடாருக்குப் போட்ட ஓட்டை

4-9-66

நேற்று கிளப் விழா. பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறைய கனகாம்பரம், மடியில் கிடார். மேடையில் முன் வரிசை நாற்காலி எனக்குத்தான். பாட்டுப் பாட்டாக விரல் நோக வாசித்தேன். இறங்கி வரும்போது பண்ருட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனுஷர் கேட்கிறார் - என்னைக் கேட்கவில்லை, எங்கள் இசைக்குழுச் செகரட்டரி துரைராஜைக் கேட்கிறார்: "அந்தப் பொண்ணு நெசமாவே வாசிக்குதா, இல்ல சும்மா புடிச்சிகினு குந்தியிருக்கா?"

துரைராஜ் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார்.

த்தூ.

வீட்டுக்கு வந்து பூவைப் பிய்த்துக் கொல்லையில் எறிந்தேன்.

6-9-66

துரைராஜிடம் நேராகவே கேட்டேன். மைக் இரண்டுதானாம். ஒன்று அவர் பாட, இன்னொன்று ஆர்மோனியத்துக்கு. "நீங்க முன்னாடி உக்காந்தா போதும் அமிர்தம், கூட்டம் தானா வரும்" என்கிறார். வாயில் வெற்றிலை. பேசும்போது என் முழங்கை மேல் ஒரு துளி தெறித்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன்.

11-9-66

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்று எனக்குப் பகல் ஷிஃப்ட். மெக்கானிக் பழனிசாமியிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். அவர் சாவகாசமாக, "கிடாருக்கு மைக் எதுக்குங்க? பிக்கப் போட்டுடுங்க" என்றார்.

விளக்கினார். கம்பி இரும்பு. அதன் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் வைத்தால், கம்பி அதிர்வது சுருளில் மின்சாரமாகும். அதை வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோனால் ஊருக்கே கேட்கும். கழித்துப்போட்ட டெலிபோன் ரிசீவருக்குள் இருக்கிற காந்தமும் சுருளுமே போதுமாம். வயர் வெளியே வர கிடாரின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதில் ஒரு ஜாக். பழைய போர்டில் கழற்றிய ஜாக் ஒன்றும் குடுத்தார். லைன் குடுக்க நான் நாள் முழுக்க வயரைச் சொருகிச் சொருகிப் பிடுங்குகிறேனே, அதே ஜாக்!

மின் நிலையம் கட்ட வந்த இன்ஜினியரின் சம்சாரம், அந்த ருஷ்யாக்கார அம்மா, ஊருக்குப் போகும்போது குடுத்துவிட்டுப் போன ஏழு கம்பிக் கிடார் இது. அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இரண்டு வருஷத்தில் அவர்களே சொல்லிக்குடுத்தார்கள். அதில் ஓட்டை போடுவதா? ஆனால் இப்படியே பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க முடியாது. முடியவே முடியாது.

18-9-66

பாவி. பாவி. பாவி.

அண்ணன் கலியமூர்த்தி பிட்டராம், ஒர்க்‌ஷாப்பில் பெரிய கையாம். "எங்கிட்ட குடு, அஞ்சு நிமிஷ வேலை" என்றான். நானும் குடுத்தேன், என்னைச் செருப்பாலடிக்கணும்.

இரும்புத் தகட்டில் ட்ரில் போடுமுன் ஓட்டை வரவேண்டிய இடத்தில் பஞ்ச் என்கிற கூர்முனை இரும்புக் குச்சியை வைத்து ஒரு அடி அடிப்பார்கள், ட்ரில் நழுவாமல் இருக்க. அது இரும்புக்கு. இவன் கிடாரை மடியில் சாய்த்து, பென்சிலால் குறி வைத்து, அந்தக் கூர்முனையை வைத்து, சுத்தியலால் - ஐயோ, அந்தச் சத்தம்! அப்பளம் மாதிரி இருக்கிற பலகை. குறியிலிருந்து அடிப்பக்கம் வரைக்கும் நீளமா பொளந்துகிச்சு.

"என்னாடா பண்ண?"ன்னு கத்தினேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு அவனுக்கு. "பஞ்ச் அடிக்காம எப்படி ட்ரில் வெக்கிறது?" என்கிறான்! பன்னிரண்டு வருஷமா இரும்பை அடிச்ச கை, வேற எதையும் தொடத் தெரியாது. இவன் கல்யாணம் பண்ணா பொண்டாட்டி கழுத்துல தாலிய ரிவெட் வெச்சு அடிப்பான்.

அழுதேன். அம்மா அடுப்படியிலிருந்தே சொல்கிறாள்: "மரப்பொட்டிக்கு இம்மாம் அழுகையா? நம்ம ஊரையே தோண்டி மைன்ஸ் ஆக்கிட்டாங்கோ. நான் அழுதுகினா கெடந்தேன்?"

அழுதாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

19-9-66

அவன் எதிரே வந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

25-9-66

தச்சரிடம் வஜ்ரம் வாங்கி வந்திருக்கிறான் அண்ணன். மாட்டுத்தோலைக் காய்ச்சின பசை. அதை அம்மாவின் பால் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தான். செத்த எலி நாற்றம். வரிசையில் நாலு வீட்டுக்கு அடித்திருக்கும். பக்கத்து வீட்டுச் சாமியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னாடி காய்ச்சறீங்க, கருமாந்திரம்?" என்று கேட்டாள். எனக்கும் குமட்டியது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, பிளவைச் சேர்த்துப் பிடித்தது நான்தான். வேறு யாரை நம்புவது?

அதன் மேல் ஒரு பித்தளைத் தகடு. ஷிஃப்ட் முடிந்து ஒர்க்‌ஷாப்பிலேயே உட்கார்ந்து அரம் போட்டு, கிடாரின் வளைவுக்கு வளைத்துக் கொண்டுவந்திருக்கிறான். நடுவே ஓட்டை, அதில் ஜாக். காந்தத்தையும் சுருளையும் பழனிசாமி வந்து கம்பிகளுக்குக் கீழே பொருத்தி, ஈயம் வைத்து வயரைப் பற்றவைத்தார்.

மன்னிச்சிடு என்று அண்ணன் சொல்லவில்லை. "மரம் ஒடைஞ்சாலும் இந்தத் தகடு ஒடையாது" என்றான். இவனை என்ன செய்வது?

2-10-66

ரேடியோவின் பின்னால் கிராமபோனுக்கென்று இருக்கிற துளையில் வயரைச் சொருகினான் அண்ணன். முதலில் ஒரே உறுமல். அப்புறம் நான் அடிக்கம்பியைத் தொட்டேன்.

அம்மா உலையை விட்டு வெளியே ஓடி வந்துவிட்டாள். அலமாரியில் டம்ளர் அதிர்ந்தது. விரல் கம்பியில் தேய்கிற கீச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது, அசிங்கமாக. நான் இத்தனை அழுத்தி வாசிக்கிறேனா? கொஞ்சம் மெதுவாகத் தொட்டாலும் போதும்போல.

சாமியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "எந்த ஸ்டேஷன் வெச்சிகினு இருக்கீங்க? நல்லாருக்கே!" என்று கத்தினாள்.

அண்ணனிடம் பேசிவிட்டேன். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

23-10-66

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன்.

நேற்று ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை, கூடவே எங்கள் குழுக் கச்சேரி. லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அண்ணன் கிடார்த் தகட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தான். துரைராஜிடம் போன வாரமே பிக்கப் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "பேஷாப் போட்டுக்கலாமே" என்று பல்லைக் காட்டினார். வயரைக் கிடாரில் சொருகி உட்கார்ந்தேன். மறு முனை ஜமுக்காளத்துக்கு அடியில் ஓடி, மேடையோரம் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போயிற்று.

முதல் பாட்டு. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டு சரணத்தை இழுக்கும்போது, கிடாரோடு எழுந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மறு முனை தரையில் கிடக்கிறது. சொருகவே இல்லை.

மைக் செட்காரர் அய்யனார் தலையைச் சொறிந்தார். "செகரட்டரிதாங்க வேணான்னாரு. வயரு இருந்தா நீங்க பேசாம உக்காந்திருப்பீங்களாம்."

பேசாம உக்காந்திருப்பேனாம்! குழந்தைக்கு வாய்ல வெறும் ரப்பரைக் குடுப்பாங்களே, அது மாதிரி! சீ, என்ன ஜென்மம் இது! இத்தனை நாள் இவனுங்க கூடவா ஒரே மேடையில உக்காந்தேன்? உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஏறினாப்ல இருந்துச்சு.

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. கைதான் செய்தது. எக்ஸ்சேஞ்சில் தினமும் செய்கிற வேலை - ஒருத்தர் லைனைப் பிடுங்கி இன்னொருத்தர் லைனைப் போடுவது. துரைராஜின் மைக்கைப் பிடுங்கினேன். என்னுடையதைச் சொருகினேன்.

துரைராஜின் வாய் மட்டும் அசைந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து நான் நின்றபடியே வாசித்தேன். ஷெட்டின் தகரக் கூரையில் போய் இடித்துத் திரும்பி வந்தது சத்தம். பொரி தின்றுகொண்டிருந்த வெல்டர்கள் கையை நிறுத்தினார்கள். அரைச் சரணம் இருக்கும். துரைராஜ் பாய்ந்து வந்து என் வயரைப் பிடுங்கிப் போட்டார். "பொம்பளைக்கு இம்மாம் திமிரா?" - மறுபடியும் வெற்றிலை எச்சில், இந்தத் தடவை கன்னத்தில்.

அங்கேயே, எல்லார் எதிரிலும், புடவைத் தலைப்பால் துடைத்தேன். பச்சைப் பட்டு. இனி அதை உடுத்தமாட்டேன்.

25-10-66

என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அண்ணன் மூலமாகச் சொல்லியனுப்புகிறார்கள். என்னிடம் வந்து சொல்ல ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்லை. அண்ணனைப் போர்மேன் வேறு கூப்பிட்டு, "தங்கச்சிய அடக்கி வை" என்றாராம். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அவ எங்கிட்டயே பேசறதில்லைன்னு சொன்னேன்."

சிரித்துத் தொலைத்தேன்.

13-11-66

தீபாவளிக் கச்சேரி. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன், புத்தி கெட்டு. என் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது டீச்சர் கண்ணகி, வீணையோடு. விரல் அழகாக ஓடுகிறது. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. வயர்கூடக் குடுக்கவில்லை அவளுக்கு. எல்லாரும் அவள் ஜிமிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் வந்துவிட்டேன். வழியெல்லாம் பட்டாசுக் குப்பை.

கிடாரை எடுக்கவே பிடிக்கவில்லை.

4-1-67

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்கிற பக்கத்து ஊர் வடக்குத்தைச் சேர்ந்த குஞ்சிதபாதம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். ஆயுத பூஜைக்கு வந்திருந்தாராம். "அன்னிக்குப் பாதி பாட்டு வாசிச்சீங்களே. காணும் பொங்கலுக்கு எங்க ஊர்ல நாடகம் போடறோம். மீதிய அங்க வாசிங்களேன்." வாத்தியக்காரர்கள் தட்டிக்குப் பின்னால்தான் உட்காரணுமாம், மேடையில் இடமில்லையாம். அதற்காக ரொம்பச் சங்கடப்பட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "எவனும் உன்னப் பாக்கமாட்டான்ல? அப்ப போ."

17-1-67

நேற்று மத்தியானம் வடக்குத்தில் நாடகம். ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கில் நான். பக்கத்தில் வேஷக்காரர்கள் பூசிக்கொள்கிற அரிதாரம், விளக்கெண்ணெய், வேர்வை - எல்லாம் சேர்ந்து ஒரு வீச்சம். காலடியில் யாரோ போட்டுவிட்டுப் போன கரும்புச் சக்கை, அதில் எறும்பு. இரண்டு தடவை கடித்தது. ஆம்ப்ளிஃபயர் எனக்குப் பக்கத்திலேயே இருந்தது. நானே சொருகிக்கொண்டேன்.

அம்மாக்காரி பிள்ளையைத் துரத்துகிற கட்டம். மெதுவாக ஆரம்பித்தேன். வெளியே சத்தம் அடங்கியது. சரி, நம்மால்தான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு ஆள், யாரோ, முகம் தெரியாது, உரக்கக் கத்தினான்:

"ஏ கிடாரு! ஒரு கம்பி எறங்கியிருக்குது, முறுக்கி வையி!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கவனித்துக் கேட்டேன். மூன்றாவது கம்பி, அரைக்கால் அளவு இறங்கித்தான் இருந்தது.

முறுக்கினேன். "இப்ப சரி" என்றான் அவன். வாசித்தேன்.