பிழையான பெயரில் பதினான்கு மாதம்

ஸ்காபரோ, ரொறன்ரோ
26.05.1996

அன்புள்ள மக்டலீன் அக்காவுக்கு,

கர்த்தர் உங்களையும் அம்மாவையும் கைவிடாமல் காக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் மட்டும் வாசியுங்கள். வழக்கம்போல அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டாம்.

அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டோம். ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இருந்திருக்கிறார். இந்த வருடம் பெப்ரவரி பதினோராம் திகதி இறந்துவிட்டார். நாலு முறை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் இதுதான் வருகிறது.

நான் படிப்பை விட்டபின் அஜின்கோர்ட்டில் ஜெர்மன்காரரின் மண்டபமொன்றைத் துப்புரவாக்கப் போவது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அங்கே பத்துப் பன்னிரண்டு வயதானவர்கள் கூடுவார்கள். தங்கள் முன்னோர் ஜெர்மனியில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்று தேடுவது அவர்களின் வேலை. ஜெர்மனியிலும் அப்படித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் அவர்களுக்காக இங்குள்ள கல்லறைகளை வாசித்து எழுதி அனுப்புவார்கள். அவர்கள் இவர்களுக்காக அங்குள்ள கோயில்களின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகளைப் புரட்டுவார்கள். சம்பளம் கிடையாது.

குனிந்து வாசிக்க அவர்களுக்கு முழங்கால் விடாது. அதனால் என்னைக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். பாசியை மெதுவாகத் தேய்த்து, தண்ணீர் தெளித்து, வெயில் சரியும் நேரம் பார்த்தால் அழிந்த எழுத்தும் தெரியும். ஒருவரோடும் பேசத் தேவையில்லை. எனக்குப் பிடித்திருந்தது. "செத்த வெள்ளைக்காரரைத் தேடித் திரியிறாள். உயிரோட இருக்கிற எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தர ஆளில்லை" என்று அருள்நாயகிச் சின்னம்மா இங்கே வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் மார்ச்சில், கூட்டத்தை நடத்தும் மிஸிஸ் குன்ஸ், உனக்கு யாரையும் தேடவேண்டாமா என்று கேட்டார். அப்பா எண்பத்தெட்டில் ஜெர்மனிக்குப் போனதையும், தொண்ணூறில் நாங்கள் இடம்பெயர்ந்தபின் கடிதம் நின்றுபோனதையும் சொன்னேன். இறந்தவர்களை மட்டுமே தேடுவது அவர்கள் வழக்கம். எனக்காக அதை விட்டுக்கொடுத்து ஒரு படிவம் எடுத்தார்.

அப்பாவின் பெயரை நம் வழக்கப்படி அப்பப்பாவின் பெயரை முன்னால் வைத்து, யேசுரட்ணம் சீமோன் என்று சொன்னேன். என் பெயர் கரோலின் சீமோன்தானே. அவர்கள் வீட்டில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே குடும்பப் பெயர். அதனால் குடும்பப் பெயர் சீமோன் என்று எழுதினார். அப்பாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் யேசுரட்ணம் என்று இருந்தது எனக்குத் தெரியும். அவர் எழுதும்போதே பிழை என்று கண்டேன். அக்கா, நான் வாய் திறக்கவில்லை. அவ்வளவு அன்பாக எழுதிக்கொண்டிருக்கிறவரை எப்படித் திருத்துவது என்று கூச்சப்பட்டேன்.

ஜெர்மனியில் சீமோன் என்ற குடும்பப் பெயர் நிறைய இருக்கிறதாம். அங்கே எங்களுக்காகத் தேடிய பெரியவர் மாதாமாதம் எழுதுவார்: இந்த நகரத்தில் பார்த்தேன், இல்லை, அடுத்ததில் பார்க்கிறேன். ஒவ்வொரு கடிதத்தையும் மிஸிஸ் குன்ஸ் எனக்கு வாசித்துக் காட்டி, மனம் தளராதே என்பார். நான் தலையாட்டுவேன். நாளாக நாளாக, இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சித்திரையில் ஒரு துண்டுக் கடதாசியில் சரியான பெயரை எழுதி அவருடைய மேசையில் வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டேன். மூன்று கிழமையில் பதில் வந்தது.

தொண்ணூற்றொன்றில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய்விட்டனவாம். அதன்பின் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்திருக்கிறார். பெரியவர் அங்கேயே போய் விசாரித்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அப்பா எப்போதும் பக்கத்துக் கதிரையில் ஒருவரையும் இருக்கவிட மாட்டாராம். யாருக்காகப் பிடித்து வைக்கிறார் என்று தாதிமாருக்கு விளங்கவில்லையாம். அந்தப் படிவம் எழுதிய நாளிலிருந்து பதினொரு மாதம் அப்பா உயிரோடு இருந்திருக்கிறார்.

மிஸிஸ் குன்ஸ் என்னை ஏசவில்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும் பிள்ளை என்று அழுதார். அவர் ஏசியிருக்கலாம்.

இறப்புப் பதிவில் மனைவி, பிள்ளைகள் இல்லை என்று இருக்கிறதாம். சான்று கிடைத்தால் திருத்தித் தரக் கேட்கலாம் என்று பெரியவர் எழுதியிருக்கிறார். அம்மா அப்பாவின் விவாகப் பதிவும் எங்கள் இருவரின் ஞானஸ்நானப் பதிவும் வேண்டும். கோயிலில் பழைய புத்தகங்கள் தப்பியிருந்தால் பங்குச் சுவாமியிடம் பிரதி எடுத்து அனுப்புங்கள். விவாகப் பிரதி கேட்க அம்மாவையும் கூட்டிப்போக வேண்டிவரும். அதனால் மறைக்க வழியில்லை. அந்தப் பெரியவருடைய பாட்டியின் தங்கை இங்கே எங்கோ அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாராம். வருகிற சனிக்கிழமை அவரைத் தேடப் போகிறேன்.

அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் பேசாமல் இருந்ததையும் விடாமல் சொல்லுங்கள். அம்மா என்னைத் திட்டினால் திட்டியபடியே எழுதி அனுப்புங்கள். அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால், கொஞ்ச நாள் பொறுத்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், அக்கா.

உங்கள் அன்புத் தங்கை
கரோலின்