தினமும் ஒரு தார்வாட் டிக்கெட்

பெங்களூரு, புதன்

அன்புள்ள மகாதேவிக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

என்னைப் போல் பார்வையில்லாதவர்களும் பஸ் டிக்கெட் எடுக்க முடிகிறதா என்று ஒரு கம்பெனியின் இணையதளத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். முதலில், எந்தச் சீட்டைத் தொட்டாலும் போன் "பட்டன்" என்று மட்டுமே வாசித்தது. பெண்களுக்கான சீட்டை எனக்குப் பதிவு செய்துவிட்டேன். ஆபீஸே சிரித்தது, நானும்தான். இப்போது திருத்திவிட்டார்கள். "ஏழு, ஜன்னலோரம், காலி" என்று அழகாகச் சொல்கிறது.

தளத்தை உருவாக்கும் ஸ்ரேயஸ் கேட்டான்: "ஏண்ணா, தினமும் உங்க ஊர் தார்வாடுக்கே டிக்கெட் போட்டு ரத்து பண்றீங்க? மைசூருக்கும் பஸ் ஓடுதே."

"கை பழகிப்போச்சுப்பா" என்றேன்.

வேர்க்கடலைச் சட்னிப்பொடி தீர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. நீ அனுப்பிய மூன்று போட்டோக்களையும் போன் "படம், படம், படம்" என்றுதான் வாசித்தது. பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. இனி கீழே ஒரு வரி எழுதிவிடு. நம் மகள் கங்கு சிரிக்கிறாளா, பக்கத்தில் நீ நிற்கிறாயா என்று எழுதினால் போதும்.

ஸ்ரேயஸ் கூப்பிடுகிறான். இன்றைய தார்வாட் டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை.

உன்
வீரேஷ்