எப்போதும் ஐந்து முகம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போன் போட்டால் "டியூட்டில இருக்கேன்டா" என்று கட் பண்ணுகிறாய். விளக்கமாக மெசேஜ் அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். இதற்குக் கட்டைவிரல் காட்டித் தப்பிக்க முடியாது.

அம்மா கை எப்படி இருக்கிறது? கேட்டால் "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்கிறாள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு எப்படி ஜம்மென்று இருப்பது? பைக்கில் வந்து பையைப் பிடுங்கி, அவளை ரோட்டில் தள்ளிவிட்டுப் போனவன் கையில் கிடைத்தால் நானும் நாலு சாத்துவேன். அதில் நமக்குள் சண்டை இல்லை.

நீ பிடித்து உள்ளே தள்ளியிருக்கும் ஆளைப் பற்றித்தான் சண்டை. "நம்ம லிப்ட் மெக்கானிக்காம்டா, கேமரா காட்டிக் குடுத்துருச்சாம்" என்றாள் அம்மா. அக்கா, கேமரா யாரையும் காட்டிக் கொடுக்காது. முகத்தைப் பொருத்திப் பார்க்கும் அந்தப் புரோகிராமை எழுதியவன் சொல்கிறேன், கேள். எங்கள் ஆபீஸில் உங்கள் போலீஸ்காரர்களுக்கு அதைப் போட்டுக் காட்டிய அன்று, "பொருந்தும் முகம் இல்லை" என்று திரை காலியாக வந்ததும் மேசையைத் தட்டியது யார்? "இவ்வளவு செலவு பண்ணி வாங்கறோம், ஒண்ணுமில்லைனு காட்டுது! எதையாவது காட்டச் சொல்லு" என்றது நீதான். என் மேனேஜர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அன்றிலிருந்து அது எப்போதும் ஐந்து முகம் காட்டும். திருடன் உங்கள் பழைய குற்றவாளிகள் பட்டியலிலேயே இல்லாவிட்டாலும் காட்டும். பூசணிக்காய்க்கு மீசை வரைந்து கொடுத்தாலும் ஐந்து பேரைக் கொண்டுவந்து நிறுத்தும்.

மூலையில் பொருத்தம் நூற்றுக்கு எத்தனை என்று வருமே, அதைப் பார்த்தாயா? ஒரு வழக்கும் இல்லாத மெக்கானிக்கின் படம் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது? உடனே எழுது.

உன் தம்பி

---

மார்ச் 11

அருமைத் தம்பிக்கு,

அக்கா நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, நலம்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் பிஸ்கட்தான் தின்கிறாயா?

நீ குளுகுளு ரூமில் உட்கார்ந்து நியாயம் பேசலாம். அந்தத் தெருவில் பை பறிகொடுத்த முதல் ஆள் அம்மா இல்லை. என் மேலதிகாரி தினமும் கூப்பிட்டு, "உங்க வீட்டுலயே கை வச்சுட்டானாமே, இன்ஸ்பெக்டரம்மா?" என்று சிரிக்கிறார். போன மாதம் நினைவு தப்பித் தொலைந்துபோன ஒரு பெரியவரைக் கடைவீதிக் கூட்டத்தில் காட்டியது இதே திரைதான். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் வந்து சொல்லேன், முகத்தைத் தேடுவது உரிமை மீறல் என்று.

நீ கேட்டதற்குப் பதில். பொருத்தம் நாற்பத்தொன்று. ஆனால் முதல் இடத்தில் வந்தது அந்த ஆள்தான். அந்த நேரத்தில் ஏதோ கட்டடத்தில் லிப்ட் குழிக்குள் வேலை பார்த்தானாம். பார்த்த சாட்சி யாருமில்லை. போன வருஷம் போன் தொலைந்துவிட்டது என்று புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான். வாசல் கேமரா எல்லோரையும் படம் பிடிக்கும் அல்லவா? பட்டியலில் முகம் போதவில்லை என்று அந்தப் படங்களையும் சேர்க்கச் சொன்னது நான்தான். உன் கம்பெனி மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக் கொடுத்தது. தப்பு செய்யாதவனுக்கு அதில் என்ன நஷ்டம்?

மாவுக்கட்டை அடுத்த வாரம் பிரிப்பார்கள்.

உன் அக்கா

---

மார்ச் 17

அக்கா,

நாற்பத்தொன்றா! படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பத்தொன்று என்றால் இருவருக்கும் மூக்கு இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

பெரியவரைக் கண்டுபிடித்தது நல்ல காரியம். நான் மறுக்கவில்லை. அவர் படத்தை மகளே கொண்டுவந்து தேடச் சொன்னாள். மெக்கானிக் தன் போனைத் தேடித் தரச் சொன்னார். நீ அவர் முகத்தை எடுத்து வைத்துக்கொண்டாய். என்ன நஷ்டமா? ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே, போதாதா? இனிமேல் பை பறிபோனவள் எவள் உன் வாசலை மிதிப்பாள்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நான் உன் ஸ்டேஷன் பக்கம் வந்ததே இல்லை, என் படம் அங்கே கிடையாது. என் போட்டோவைப் போட்டுத் தேடிப் பார். யாரையாவது காட்டும். அவரையும் பிடித்து உள்ளே போடு!

அதற்குப் பிறகும் அவரை விடவில்லை என்றால், கோர்ட்டுக்கு வந்து நானே கூண்டில் ஏறி, இன்ஸ்பெக்டருக்குத் திரையைப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்வேன். அக்காவாவது தம்பியாவது.

தம்பி

---

மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்புறம் ஆத்திரத்தில், அம்மா பிரேம் போட்டு வைத்திருக்கும் உன் பட்டமளிப்பு போட்டோவைக் கொண்டுபோய்ப் போட்டுத் தேடினேன்.

முதல் இடத்தில் அம்மா வந்தாள்.

மாவுக்கட்டோடு, தலை கலைந்து, புகார் கொடுக்க வாசலில் நிற்கிற அம்மா. பொருத்தம் அறுபத்துமூன்று. என் ஏட்டு பின்னால் நின்று பார்த்துவிட்டு, "யாரு மேடம் இந்த அம்மா? தூக்கிட்டு வரவா?" என்றார். அவருக்கு அம்மாவைத் தெரியாது. நான் முறைத்த முறைப்பில் வெளியே போய்விட்டார்.

மறுநாளே ஆள் மாறிவிட்டது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். கேட்கட்டும். மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள், ஆனால் கம்பெனியில் திரும்ப எடுக்கவில்லை. நானே போய் முதலாளியிடம் பேசினேன். யோசிக்கிறாராம். அம்மா வீட்டு லிப்ட் நடுவில் நிற்கிறது, அம்மா படி ஏறுகிறாள். பையைப் பறித்தவன் இன்னும் வெளியேதான் திரிகிறான். உனக்குத் திருப்திதானே?

அவர் வீட்டுக்கும் போனேன். உட்காரச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "என் படம் இன்னும் உள்ளதான் இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நீ வந்து அழித்துக் கொடு. வாசல் படம் அத்தனையும். திட்டுவதையும் நேரில் வந்தே திட்டிக்கொள்.

அக்கா

---

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன். நீ செய்தது பெரிய காரியம். இதை ஒரு தடவைதான் சொல்வேன்.

உன் ஸ்டேஷனில் அழிப்பது பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பட்டியல் தினமும் தலைமை அலுவலகத்துக்குப் பிரதி போகிறது. அங்கிருந்து மற்ற ஸ்டேஷன்களுக்கும் போகிறது. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அங்கே கை வைக்க என்னால் முடியாது, உன்னாலும் முடியாது. எழுதிக் கேட்கலாம். கேட்போம், இரண்டு பேருமாக.

அதுவரை அவரிடம் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே. "எங்க ஸ்டேஷன்ல இல்லை" என்று சொல். அம்மாவிடமும் அப்படியே சொல்.

உன் தம்பி